பண்டிகை இல்லாத வருஷத்தில் தங்கப் போன வீடு

திருவையாற்றுக்குக் கிழக்கே, கும்பகோணம் போகிற சாலையில் திருப்பழனம் தாண்டி இருக்கிறது இந்த வீடு. பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை, கொல்லையில் மாட்டுக் கொட்டகை. பக்கவாட்டில் இரண்டு அறைகளைப் புதிதாகக் கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. இந்தப் பொங்கல் விடுமுறைக்கு நாங்கள் குன்னூரிலிருந்து போய் அங்கே தங்கினோம். நான், கணவர், மகன், என் மாமியார்.

இதுவரை நான் தங்கிய இடங்களில் மனசுக்கு இவ்வளவு நெருங்கியது வேறு எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் ஒத்துவருகிற இடம் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஏன் ஒத்துவந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றவர்கள் தங்களுக்குச் சரிப்படுமா என்று பார்த்துக்கொள்ள முடியும்.

என் மாமனார் ஆடி மாதம் தவறிவிட்டார். தலைத்திவசம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு வீட்டிலேயே இருந்தோம். அக்கம்பக்கத்தார் அன்போடு பலகாரம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு தட்டும்போதும் அத்தை எழுந்து போய் வாங்கிக்கொண்டு, எப்படிப் போனார், எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலம் ஆவதற்குள் அவருக்குக் குரலே இல்லை. பொங்கல் நெருங்கியதும் அவரே கேட்டார்: “எங்கயாவது போயிடலாமா? நம்மளத் தெரியாத ஊரா இருக்கட்டும்.” மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். சுற்றிலும் தேயிலைதான். நெல் விளைகிற ஊரில் பொங்கல் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

பண்டிகைக்கு வெளியூர் என்றதுமே எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. முன்பு ஒரு சுற்றுலா விடுதியில் ‘கிராமத்துப் பொங்கல்’ என்று விளம்பரம் பார்த்துப் போயிருந்தோம். வரிசையாக கேஸ் அடுப்பு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குட்டிப் பானை, மைக்கில் ஒருவர் “இப்போது எல்லாரும் பொங்கலோ பொங்கல் சொல்லுங்கள்” என்று எண்ணிச் சொல்லவைத்தார். புகைப்படம் எடுத்து முடித்ததும் பானைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பொங்கல் யார் வாயிலும் படவில்லை. இந்த வருஷம் அந்த மாதிரி ஒன்றில் அத்தையைக் கொண்டுபோய் உட்கார வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஒரு சிநேகிதி மூலமாகத்தான் இந்த வீட்டின் நம்பர் கிடைத்தது. போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன்: எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை, துக்க வீட்டிலிருந்து வருகிறோம், நல்ல நாளில் உங்களுக்குச் சங்கடம் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கார அண்ணன் ஒப்புக்கு ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்று சொல்லவில்லை. “அம்மாவக் கேட்டுச் சொல்றேம்மா” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அன்று ராத்திரியே திரும்பக் கூப்பிட்டார். “அம்மா வரச் சொல்லிட்டாங்க. பானை நாங்க வைக்கிறோம், நீங்க வந்து சாப்பிடுங்கன்னு சொல்றாங்க.”

போகிற வழி பற்றி: கோவையிலிருந்து மயிலாடுதுறை போகிற ஜனசதாப்தி நேராகத் தஞ்சாவூரில் இறக்கிவிடும். பொங்கல் சமயத்தில் டிக்கெட்டுக்கு முன்பதிவு திறந்த அன்றே உட்கார வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ் நிறைய உண்டு. அந்தச் சின்ன தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் பஸ் தாண்டிப் போகும். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த மகன் ஒவ்வொரு பாலத்துக்கும் “இதுதான் காவேரியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். பக்கத்தில் கீரைக்கட்டோடு இருந்த ஒரு அம்மா, “இன்னும் இல்ல, இன்னும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசிப் பாலத்தில் தானே எழுந்து நின்று கைகாட்டினார். திருவையாற்றிலிருந்து ஆட்டோ.

அறை பெரிதுதான். சுத்தமாக இருந்தது. இரண்டு கட்டில், கூடுதலாக ஒரு கோரைப்பாய், கொசுவலை. கொசுவலையை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வயலும் வாய்க்காலும் சுற்றி இருக்கிற ஊர், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொசு வந்துவிடும். குளியலறையில் ஹீட்டர் கிடையாது. கொல்லையில் செம்பு அண்டாவில் விறகு வைத்து வெந்நீர் போட்டுத் தருகிறார்கள். வாளியில் நாமே மொண்டு கொண்டுபோக வேண்டும். எங்களுக்கு இது பெரிய விஷயமில்லை. வயதானவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் அறைக்கே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

போகி அன்று சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீடே அமளியாக இருந்தது. வீட்டுக்கார அக்கா, அண்ணனின் மனைவி, முற்றத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்களுடைய இரண்டு பெண்களும் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் அம்மாவைப் பேத்திகள் அப்பாயி என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்பாயி என்றே கூப்பிட்டோம். அப்பாயி திண்ணையில் ஒரு முறம் பச்சை மொச்சையோடு உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்து, “வாங்க, காலு கழுவிட்டு வாங்க, காப்பி போடச் சொல்றேன்” என்றார். காப்பி குடித்து முடித்ததும் முறத்தை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார். “இத உரிச்சு முடிக்கணும், ஒத்தை ஆளா முடியாது.”

அவ்வளவுதான். என்ன ஆச்சு, எப்படிப் போனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேரும் மொச்சையை உரித்தார்கள். விளக்கு வைத்த பிறகும் உரித்தார்கள். உரித்த பருப்பு ஒரு குண்டான் நிறையச் சேர்ந்தபோது, அத்தையே மாமனாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு மொச்சை என்றால் உயிர் என்று. அப்பாயி, “எங்க வீட்டு ஆளுக்கு இதப் பாத்தாலே ஆவாது. அவுரு போனப்புறம்தான் நான் மொச்சயே வாங்குறேன்” என்றார். அத்தை சிரித்தார். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

பொங்கல் காலையில் வாசலில் கரும்பு நட்டு, தரையில் செங்கல் அடுப்பு கூட்டியிருந்தார்கள். இரண்டு வெண்கலப் பானை. கழுத்தில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் வேரோடு, மண்ணை மட்டும் அலசிக் கட்டியிருந்தது. பச்சரிசி களைந்த தண்ணீரையும் பாலையும் ஊற்றி அக்கா அடுப்பு மூட்டினார். கரும்புச் சோகையும் தென்னம்பாளையும் போட்டு எரித்ததால் தீ திடுதிப்பென்று எழும், உடனே அடங்கும். பானையை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியாது. நாங்கள் திண்ணையிலேயே இருந்துகொண்டோம். எங்களை யாரும் கீழே வாருங்கள் என்று இழுக்கவில்லை, நீங்கள் வரக் கூடாது என்று ஒதுக்கவும் இல்லை. நுரை விளிம்புக்கு வந்த நேரத்தில் அப்பாயி எழுந்தார். அத்தையைத் திரும்பிப் பார்த்து, “உக்காந்துக்கிட்டே எட்டிப் பாக்காதீங்க, கிட்ட வந்து பாருங்க” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிப் போனார்கள். பால் பொங்கி மஞ்சள் கொத்தின் மேல் வழிந்தபோது பேத்திகள் தாம்பாளத்தைத் தட்டி “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினார்கள். என் மகனும் கத்தினான். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கு வீட்டுப் போன் ஓயவில்லை. தெருவில் போகிறவர்களும் நின்று கேட்டார்கள். “பால் பொங்கிடுச்சா?” “பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு.” எங்கள் பக்கம் திரும்பினால் மட்டும் கேள்வி வேறு: “சாப்பிட்டீங்களா?” யாரோ தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்பாயி என்றுதான் நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொங்கலன்று வெண்பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிற குழம்பில் பறங்கிக்காய், மொச்சை, அவரை, கத்திரி, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு என்று அந்தப் பருவத்தில் மண்ணில் என்ன உண்டோ அத்தனையும் இருந்தது. புளி அளவாக, காரம் கொஞ்சம் தூக்கலாக. வெண்பொங்கல் என்றால் நாம் காலையில் ஹோட்டலில் சாப்பிடுகிற மிளகு, முந்திரி சமாச்சாரம் இல்லை. உப்பும் இல்லாமல் குழைய வெந்த புது அரிசிச் சோறு. மேலே ஒரு குழி பண்ணிக் குழம்பை ஊற்றுகிறார்கள். மறுநாள் காலையில் மிச்சக் குழம்பைச் சுண்டவைத்து இட்லிக்குக் கொடுத்தார்கள். நான் அதைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு நாள் இட்லிக்குக் கடப்பா. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக்கே உரியது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய், சோம்பு அரைத்துவிட்டு வைப்பது. காப்பி, பால் எல்லாம் கொல்லை மாட்டிலிருந்து. குறை என்றால், அவர்கள் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். தோசைக்கு மாவு இருக்கிறதா, சப்பாத்தி கிடைக்குமா என்று கேட்கிற பிள்ளைகள் இருந்தால் கஷ்டம். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால் முடிந்துவிடும்.

அண்ணன் ஒரு நாள் வெயில் ஏறுவதற்குள் எங்களை வயலுக்குக் கூட்டிப்போனார். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை, அவர் போகிற வேலைக்குக் கூடப் போகிறோம், அவ்வளவுதான். சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கிற நிலையிலேயே, நிற்கிற பயிருக்குள் உளுந்தை வீசி விதைக்கிறார்கள். மண்ணில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே அது முளைத்துவிடும். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவில் உளுந்து வளர்ந்து நிற்கும். தனியாகத் தண்ணீர் கட்ட வேண்டாம், உழவும் வேண்டாம். இடுப்பில் கட்டிய துணி மடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, மணிக்கட்டைச் சுழற்றி அவர் வீசியபோது உளுந்து கதிர் மேல் பட்டுச் சரசரவென்று கீழே இறங்கிய சத்தத்தைக் கேட்டேன். மகனுக்கும் ஒரு பிடி கொடுத்தார். அவன் வீசியது எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தது. “பரவால்ல தம்பி, அந்த எடத்துல நல்லா வரும்” என்றார்.

வரப்பில் நடந்துகொண்டே பேசியதில் அவர்களுடைய வருஷம் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் புரிந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அணையில் தண்ணீர் இருந்து அந்தத் தேதியில் திறந்தால் குறுவை என்கிற முதல் போக நெல்லும் உண்டு, இல்லையென்றால் அடுத்து வருகிற சம்பா மட்டும். எல்லாம் நன்றாக வந்தாலும் தை மாதத்து மழை பயம் இருக்கிறது. 2021 ஜனவரியில் பெய்த மழையில் அறுக்க வேண்டிய கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டதை அவர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதனால் அறுத்த பிறகும் காயவைக்க வெயில் வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி கிழக்கே வானத்தைப் பார்த்தார். முதல் நாள் நாங்கள் சாப்பிட்ட பொங்கல் இந்தக் கவலைக்கு நடுவில் வைத்த பொங்கல் என்பது எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளை வாய்க்காலில் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் நெட்டி மாலை போட்டார்கள். குளத்தில் வளர்கிற நெட்டித் தண்டை நறுக்கி, பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் தோய்த்துக் கோத்த மாலை. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. அதை விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி மறுபடி எழும்புகிறது. கன்றுக்குட்டி தன் மாலையைத் தின்னப் பார்த்ததால் பேத்திகள் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போய்வந்தோம். மாட்டுப் பொங்கலன்று அங்கே பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு எல்லாம் கொண்டு அலங்காரம் செய்வார்கள். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில். இப்போது நாம் பார்க்கிற பெரிய நந்தி பிற்காலத்து நாயக்கர் காலத்தது. கத்திரிக்காயும் முள்ளங்கியும் கேரட்டும் பூசணியுமாக நந்தியின் முதுகே தெரியவில்லை. “இது நம்ம ஊரு கேரட்” என்று மகன் சத்தமாகச் சொன்னதும் பக்கத்தில் நின்றவர்கள் எந்த ஊர் என்று விசாரித்தார்கள். கூட்டம் பயங்கரம். வயதானவர்களோடு போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். அத்தை வரவில்லை, அப்பாயியோடு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

காணும் பொங்கலன்று ஊரில் சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அப்பாயி காலில் விழுந்துவிட்டு நேராக அத்தையிடம் வந்தார்கள். அத்தை பின்னால் நகர்ந்தார். “நான் எதுக்கும்மா, இந்த வருஷம்...” என்று இழுத்தார். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து அத்தை கைக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. அத்தை திருநீறு எடுத்துப் பூசிவிட்டார். அப்புறம் அறைக்குப் போய்ப் பர்ஸை எடுத்துவந்து ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தார். என் மகனுக்கும் கொடுத்தார். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் அன்றைக்குப் பணம் கொடுப்பது மாமனார்தான்.

சரி, காசு விவரம். அறைக்கு ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500. கிளம்பும்போது கணக்குச் சீட்டைப் பார்த்தால் பொங்கலன்று சாப்பாட்டுக்கு எழுதவே இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சொன்னேன். “பொங்கச் சோத்துக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?” என்று அக்கா கோபித்துக்கொண்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நீங்களும் வற்புறுத்த வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பண்டிகை நாட்களில் விடியற்காலை நான்கரைக்கே கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும், அறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. இரண்டாவது அறைக்குக் கழிப்பறை வெளியே இருக்கிறது, ராத்திரி டார்ச் வேண்டும். போன் சிக்னல் திண்ணையில் மட்டும்தான் நன்றாகக் கிடைக்கும். தலையணை கல் மாதிரி. கார் வைத்திருப்பவர்கள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். காவிரிப் படித்துறை கிட்டத்தில் இருந்தாலும், தைக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுகிற வருஷங்களில் ஊர்க்காரர் துணை இல்லாமல் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். மேலே பார்த்தால் அமைதியாகத்தான் ஓடும், கீழே இழுப்பு உண்டு.

ஊர் சுற்றிப் பார்க்க ஒரு தளமாக மட்டும் இடம் தேடுகிறவர்கள் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ லாட்ஜ் போட்டுக்கொள்வது வசதி. இந்த வீட்டில் தங்கினால் அந்த வீட்டின் நாளோடு நம் நாளும் போகும். அவர்கள் எழும்போது எழுந்து, அவர்கள் சாப்பிடும்போது சாப்பிட வேண்டும். நமக்காக எதையும் நடத்திக் காட்ட மாட்டார்கள், நம்மை வெளியே நிறுத்தவும் மாட்டார்கள். பண்டிகை நாளில் சொந்த வீட்டில் இருக்க முடியாத காரணம் யாருக்காவது இருந்தால், தயங்காமல் இங்கே போங்கள்.

பொங்கலுக்கு வேண்டுமென்றால் கார்த்திகையிலேயே பேசிவிடுவது நல்லது. தியாகராஜ ஆராதனை சில வருஷம் பொங்கலை ஒட்டியே வரும், அப்போது திருவையாற்றைச் சுற்றி எங்கேயும் இடம் கிடைக்காது. திரும்பும்போது திருவையாற்றில் அசோகா என்கிற பாசிப்பருப்பு அல்வா வாங்க மறக்காதீர்கள், சூடாக இருக்கும்போதே கொஞ்சம் அங்கேயே சாப்பிடுங்கள். உங்கள் வீட்டிலும் அந்த வருஷம் துக்கம் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள், அண்ணன் அம்மாவைக் கேட்டுச் சொல்வார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் வயலில் இருப்பார், எடுக்க மாட்டார்.